உரக்கடை பில்லில் ஒரு நம்பர்: 14416 மனநல உதவிச் சேவை எப்படி?

பட்டுக்கோட்டை பக்கம் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் எதையாவது பற்றி எழுதினால் அது பேட்டரி ஸ்பிரேயராகவோ புதிதாக வந்த நெல் ரகமாகவோதான் இருக்கும். இந்த முறை ஒரு போன் நம்பர்: 14416. மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரும் இதற்கு உண்டு. என் கடை பில்லின் அடியில் இதை ரப்பர் ஸ்டாம்பாகக் குத்திக் கொடுக்கிறேன். பில்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, குலுக்கல் பரிசா?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். கவுண்டரில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் விளக்க முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அடிப்படை விவரம் முதலில். 2022 பட்ஜெட்டில் அறிவித்து, அந்த வருடம் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது. ராத்திரி பகல் எந்த நேரமும் பேசலாம். 1800 891 4416 என்ற நீள நம்பரும் இதே இடத்துக்குத்தான் போகும். தமிழ் உட்பட 20 மொழிகளில் இருக்கிறது. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் என்று பட்டால் மனநல மருத்துவரிடம் விடுவார்கள், நேரில் போக வேண்டியிருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வழி சொல்வார்கள். மொத்த ஏற்பாட்டுக்கும் தலைமை பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை. 2024 அக்டோபரில் செயலியும் வந்தது. நம் ஆட்களுக்குச் செயலியெல்லாம் வேண்டாம், ஐந்து எண் போதும்.

சரி, உரக்கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை? டெல்டாவில் உரக்கடை என்பது பாதி கடை, பாதி கணக்குப் புத்தகம். சம்பாவுக்கு அடியுரம் எடுக்கும்போது எழுதும் பாக்கி, அறுவடை முடிந்து நெல்லுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் தீரும். அதற்குள் எந்த வீட்டு நகை அடகுக்குப் போனது, யாருடைய போர்வெல் மோட்டார் காயில் எரிந்தது, எவர் வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிறார் என்பதெல்லாம் பேங்க் மேனேஜருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரியும். பாக்கி ஏறிப்போனவர் எங்கள் தெருப்பக்கமே வரமாட்டார். வந்தாக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்தபடி வண்டியை முறுக்கிக்கொண்டு போவார்.

ஆக, கடன் கொடுத்து உட்கார்ந்திருப்பவனும் நான், மனசு விட்டுப் பேச நம்பர் கொடுப்பவனும் நான். இதிலுள்ள கோணல் எனக்கே தெரிகிறது. ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “உங்க பாக்கிய மொதல்ல தள்ளுபடி பண்ணுங்க. மனசு தன்னால சரியாயிடும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

நான் பயன்படுத்திப் பார்க்காத சரக்கைப் பரிந்துரைப்பது வழக்கமில்லை. ஆகவே ஸ்டாம்ப் செய்யக் கொடுப்பதற்கு முன் நானே கூப்பிட்டேன். சும்மா சோதிக்க இல்லை, எனக்கும் காரணம் இருந்தது. வசூல் வரவில்லை, கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது, ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் விடிகிறவரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசினேன்.

எடுத்த பெண் “கவலைப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்” என்று ஆரம்பிக்கவில்லை. அதற்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எப்போது விழிக்கிறேன், சாப்பாடு இறங்குகிறதா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யாரிடமாவது இதைச் சொன்னேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவில் நான் தாளடி வசூல் பற்றிப் புலம்பியபோது, “தாளடின்னா என்னங்க சார்?” என்றார். குறுவை அறுத்த வயலிலேயே உடனே போடும் இரண்டாம் நடவு என்று விளக்கினேன். அதை விளக்கும்போதே என் குரல் பழைய நிலைக்கு வந்ததைக் கவனித்தேன். அது அவருடைய சாமர்த்தியமா, தற்செயலா, சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, குரலைத் தாழ்த்தாமல், சுற்றி வளைக்காமல், “வாழவே வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” என்று கேட்டார். எனக்குச் சற்றுத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டாலே விதை போட்டது போலாகிவிடும் என்று பயப்படுவோம். உண்மை அப்படி இல்லை. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இருப்பவர்களுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கும் என்பது மனநலத் துறையில் உறுதியாகச் சொல்லப்படும் விஷயம். எனக்கு அப்படித் தோன்றியதில்லை, அதைச் சொன்னேன். சொன்னதே ஒரு நிம்மதியாக இருந்தது. கடைசியில் அவர் தந்த யோசனைகளில் மூச்சுப் பயிற்சி எனக்கு ஒட்டவில்லை. ஆனால் “கணக்கு நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, கடையிலயே பூட்டிட்டுப் போங்க” என்றது ஒட்டியது. இன்றுவரை கல்லாவில்தான் கிடக்கிறது.

இனி முக்கியமான பகுதி. எங்கள் பக்கம் தென்னை வைத்திருந்தவர்களிடம் 2018 நவம்பர் 16 என்று தேதி சொன்னால் போதும், கஜா புயல் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. நெல் போனால் அடுத்த பருவம் என்று ஒன்று இருக்கிறது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு வருடம் பிடிக்கும். அப்பா வைத்த தோப்பு ஒரே ராத்திரியில் வேரோடு படுத்துவிட்டால் நாற்பது வயதுக்காரர் அதை மறுபடி பார்ப்பது ஐம்பதை நெருங்கும்போதுதான். அந்தச் சமயத்தில் கன்று, தார்ப்பாய், கரண்ட், நிவாரணத் தொகை என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். தூங்குகிறாயா என்று யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இந்த நம்பரும் அப்போது கிடையாது.

என் வாடிக்கையாளர் ஒருவர், ஊரும் பேரும் வேண்டாம், கஜாவுக்குப் பிறகு மறுபடி கன்று வைத்தவர். மரம் பாளை தள்ளும் நேரத்தில் வெள்ளை ஈ வந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சு, கீழ் ஓலை முழுக்கக் கரும்பூசணம். முதலில் மருந்து கேட்டு வந்தார். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள், ஓலைக்கு அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், கண்ட மருந்தையும் அடித்தால் அந்த ஈயைத் தின்கிற நல்ல பூச்சியும் செத்துப்போகும் என்று சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். அடுத்த வாரமும் வந்து அதையே கேட்டார். சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தார். பேச்சுக் கொடுக்காமலே கடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் இதற்கு முன் அப்படி நிற்கும் ஆள் இல்லை, வந்தால் கடையே கலகலக்கும்.

பில்லைக் காட்டி “இதுல கூப்பிட்டுப் பேசுங்கண்ணே” என்றால் இப்படிப்பட்டவர் கூப்பிட மாட்டார். இந்தச் சேவையின் உண்மையான தடை அதுதான், அது அந்தப் பக்கம் பேசுபவர் கையில் இல்லை. துணிந்து ஐந்து எண்ணை அழுத்துகிற தெம்பு இருந்தால் அவருக்குப் பாதி நோயே இருந்திருக்காது. நான் என் போனிலேயே போட்டேன். தமிழைத் தேர்ந்தெடுத்து, லைனில் ஆள் வந்ததும், “இங்க ஒரு அண்ணன் இருக்கார், ரொம்ப நாளா தூக்கமில்ல, அவர்கிட்ட குடுக்குறேன்” என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு நான் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் குடோனில் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து பேசினார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

வெளியே வந்து சொன்னார்: “அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலண்ணே. கேட்டுக்கிட்டே இருந்துச்சு.” முதலில் குறையாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. தோப்பு விழுந்ததிலிருந்து அவர் பேசியதற்கெல்லாம் ஊரில் ஆளாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மனைவியோடு போனார், மாத்திரை கொடுத்தார்கள், நடுவில் நிறுத்தினார், திட்டி அனுப்பினோம், மறுபடி போனார். இப்போது கடைக்கு வந்தால் பழையபடி என் கல்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். இதில் 2025-ல் தேங்காய் விலை எகிறியதற்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். மாத்திரை எவ்வளவு, விலை எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் தராசு இல்லை.

குறை என்று பார்த்தால், போனில் தீராதது போனில் தீராது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து முளைத்தது நினைவிருக்கும். அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்துச் சாகுபடி செய்தவருக்கு, பேரில் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற விஏஓ பதிவு) இல்லையென்றால், அந்தப் பணம் வந்து சேருவதே தனிப் போராட்டம். அப்படிப்பட்டவருக்கு முதலில் வேண்டியது அடங்கல், ஆலோசகர் அப்புறம். ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். பல நாள் தூங்காதவரால் விஏஓ அலுவலகத்தில் கால்மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது. படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கிழித்துப் போட்டுவிட்டு வருவார். தூக்கம் திரும்பினால் அந்தப் போராட்டத்துக்குப் போகவாவது முடியும். அந்த அளவுக்கு இந்தச் சேவை உதவும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் பெண்களிடம் அதிகம். வீட்டில் ஒருவர் ஏற்கெனவே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தால் வாயே திறக்க மாட்டார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறு மாதிரி நிரூபிக்கப்படாதவரை, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. இதை அட்டையில் எழுதி கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். உர விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் என்பதால் எல்லோரும் படிக்கிறார்கள்.

மற்றதோடு ஒப்பிட்டால்? ஒரு தனியார் ஆலோசனைச் செயலியைப் பையன் இறக்கிக் கொடுத்தான். பேர் வேண்டாம். முதல் பக்கத்திலேயே இங்கிலீஷில் நீளமான கேள்வித்தாள், ‘அலுவலக வேலைப்பளு’ பற்றி ஒன்பது கேள்வி, பிறகு மாதச் சந்தா. மழை பற்றி ஒரு கேள்வி இல்லை. நீக்கிவிட்டேன். கிசான் கால் சென்டர் 1800 180 1551, இது 2004-லிருந்து இருக்கிறது, காலை 6 முதல் இரவு 10 வரை. புகையான், குருத்துப்பூச்சிக்கு அதைக் கூப்பிடுங்கள். பயிரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துப் பயிரைப் பற்றியே பேசாதவர்கள் அங்கேயும் வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களை அப்படியே 14416-க்குத் தள்ளிவிடும் வழி வலுவாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. அங்கே தன்னார்வலர்கள் பேசுவார்கள். மாத்திரை, டாக்டர் என்று எதுவும் வேண்டாம், ஒருவர் காது கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு அதையும் சொல்கிறேன்.

சினேகாவைச் சொன்னதும் என் தொழிலோடு சேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010 வாக்கில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம், உள்ளே குடும்பத்துக்கு ஒன்றாகப் பூட்டுப் பெட்டிகள், பார்த்துக்கொள்ள ஆள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்து, வேண்டும்போது எடுத்துப்போகலாம். அந்த ஊர்களில் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்ததாக ஆய்வாகவே வெளியிட்டார்கள். காரணம் எளிது. பெரும்பாலும் அது வருடக்கணக்கில் போட்ட திட்டம் இல்லை, ஒரு சண்டை, ஒரு அவமானம், சில நிமிட வேகம். அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

என் கடையில் பெட்டி கட்ட இடமில்லை. நான் செய்வது இவ்வளவுதான். தேவைக்கு மேல் பெரிய பாட்டில் தள்ளிவிடுவதில்லை. என்ன பயிர், என்ன பூச்சி, எத்தனை மா நிலம் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. பதில் தடுமாறினால் “சரக்கு நாளைக்குத்தான் வருது, உக்காருங்க, டீ சொல்றேன்.” இருட்டிய பிறகு வந்தாலும், குடித்துவிட்டு வந்தாலும், யாராக இருந்தாலும் கிடையாது. வியாபாரம் இதனால் கொஞ்சம் குறையும். குறைந்திருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. பேசுகிற விதத்துக்கும், காசில்லாமல் நள்ளிரவிலும் ஆள் இருப்பதற்கும் அந்த நான்கு. 2025-க்குள் நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள் வந்திருக்கின்றன, ஆக யாரும் கூப்பிடுவதில்லை என்று சொல்ல முடியாது. மீதி ஒரு மதிப்பெண்ணைப் பிடித்து வைத்திருப்பது, நம்பர் ஊருக்குள் வரவில்லை என்பதால். மருத்துவமனைச் சுவரில் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் இல்லை, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் புத்தகத்தில் இல்லை, அடகுக்கடைச் சீட்டில் இல்லை. மகாராஷ்டிராவின் விதர்பா பகுதியில் அமராவதி மாவட்டத்தின் 30 ஊர்களில் விஷ்ராம் என்ற திட்டத்தை நடத்தினார்கள். ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பேச வைத்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் உதவி தேடியவர்கள் 4.3 சதவீதமாக இருந்தது 27.2 சதவீதமாக ஆனது. அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் கட்டவில்லை. இங்கே மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்களே, அதே நேரத்தில் தூக்கம் பற்றி ஒரு கேள்வி சேர்த்தால் என்ன?

என் பில்லும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் வேளாண் துறையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் 11,290 பேர். அதில் சாகுபடியாளர்கள் 5,207, விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 6,083. விவசாயி என்றதும் நமக்கு நிலம் வைத்திருப்பவர் முகம்தான் வருகிறது, எண்ணிக்கையோ கூலிக்குப் போகிறவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அவர்கள் என் கடையில் உரம் வாங்குவதில்லை.

நடவுக்கு ஆள் கூட்டி வரும் அக்கா ஒருவரிடம் இந்த நம்பர் போட்ட ஸ்டிக்கர் கட்டு ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “பாதிப் பேரு வீட்டுல ஒரே போனுதான் தம்பி, அதுவும் வீட்டுக்காரரு பையிலதான் இருக்கும்” என்றார். அப்படியானால் உங்கள் போனையே கொடுங்கள் என்றேன். “குடுக்கலாம். நாத்து முடிய அவுத்துப்போட்டுட்டு அரை மணி நேரம் பேசுனா நடவ யாரு நடுறது?” மதியச் சாப்பாட்டு நேரத்தில், மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். போனுக்கு சார்ஜர் மட்டும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார், வாங்கிக் கொடுத்துவிட்டேன்.